படிப்பகத்துச் சாவியை யாரிடம் கொடுப்பது?

வீட்டுவரி ரசீதை முழுதாகப் படிக்கிறவர்கள் குறைவு. கட்டின தொகை சரிதானா என்று பார்ப்போம், மடித்து கரண்ட் அட்டையோடு பாலித்தீன் பைக்குள் செருகிவிடுவோம். இந்த வருஷம் நான் உட்கார்ந்து படித்தேன். வீட்டுவரிக்குக் கீழே ‘நூலக வரி’ என்று தனியாக இருக்கிறது. வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம். 300 ரூபாய் வரி என்றால் 30 ரூபாய் நூலகத்துக்கு. எங்கள் ஊரில் 600 வீடு. எல்லா வீட்டுக்கும் இதே கணக்கென்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 18,000 ரூபாய் நூலகத்துக்காகக் கட்டுகிறோம். ஊரில் அரசு நூலகம் கிடையாது.

இருப்பது படிப்பகம். கம்பம் பள்ளத்தாக்கில் பல ஊர்களில் பார்க்கிற மாதிரிதான்: மந்தைக்குப் பக்கத்தில் ஓட்டுக் கட்டடம், ஒரு ஹால், ஒட்டினாற்போல் சின்ன அறை, இரண்டு பெஞ்சு, நாலு இரும்பு அலமாரி. வெளியூர் போய்ச் சம்பாதித்தவர்கள் கொடுத்ததும் நாங்கள் வாங்கிச் சேர்த்ததுமாக 1,800 புத்தகம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் காலை ஆறரைக்குத் திறந்து பேப்பரைப் பிரித்துப் போடுவார், பத்து மணிக்குப் பூட்டுவார், சாயங்காலம் மறுபடியும் வருவார். பதினோரு வருஷம் காசு வாங்காமல் செய்தார். தை பிறந்ததும் மகள் வீட்டுக்குத் திருப்பூர் போகிறார். “சாவிய யாருகிட்ட குடுக்கட்டும்?” என்று கமிட்டிக் கூட்டத்தில் கேட்டார். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தரும் கை நீட்டவில்லை.

அதற்கப்புறம் மூன்று மாதமாக விசாரித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் வேறு ஊர்க்காரர்களும் இருப்பார்கள். வழி நாலு தெரிந்தது. நூலகத் துறையிடம் கொடுக்கலாம். ஊராட்சியிடம் கொடுக்கலாம். சங்கமோ அறக்கட்டளையோ பதிந்து நாமே நடத்தலாம். நாலாவது வழி கேரளத்தில் இருக்கிறது, இங்கே இல்லை. இல்லாததை எதற்கு ஒப்பிட வேண்டும் என்று கமிட்டியிலேயே கேட்டார்கள். கேரள எல்லையிலிருக்கிற குமுளி எங்களுக்கு ஒரு பஸ் தூரம். ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் ஜீப்பில் போய் வருகிறவர்கள் இருக்கிற ஊரில், மலைக்கு அந்தப் பக்கம் எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

துறையிடம் கொடுத்தால்

சுதந்திரம் வந்த மறுவருஷமே, 1948இல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டுவிட்டது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருஷம் விடாமல் வாதாடியதன் பலன் அது. அப்போது கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். சட்டத்தின் உயிர்நாடி எளிமையானது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு இருக்கும். மாவட்டத்திலுள்ள உள்ளாட்சிகள் வசூலிக்கும் நூலக வரி அந்தக் குழுவுக்குப் போகும். அதிலிருந்து மாவட்டம் முழுக்க நூலகம் நடக்கும்.

இந்த ஏற்பாட்டின் அருமை எனக்கு அந்த 18,000 ரூபாய்க் கணக்கைப் போட்டபிறகுதான் உறைத்தது. எங்கள் ஊர் கட்டுகிற வரியை எங்களுக்கே திருப்பிக் கொடுத்தால்கூட ஒரு ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய் சம்பளம் தரத்தான் தேறும். பேப்பருக்கு மிஞ்சாது. கிராமத்து நூலகம் கிராமத்து வரியில் நடக்கவே முடியாது. நகராட்சிக் கடைத்தெருவும் கல்யாண மண்டபமும் கட்டுகிற வரி மலையடிவாரத்து ஊருக்கு நகர்ந்து வந்தால்தான் நடக்கும். அப்படி நகர்த்துவதற்குத்தான் மாவட்ட அளவில் ஒரு அமைப்பு வேண்டியிருக்கிறது. ‘எங்க வரிய எங்களுக்கே குடு’ என்று கூட்டத்தில் முதலில் கத்தியவன் நான்தான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் இப்போது பொது நூலகத் துறையின் கீழ் 4,600க்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. உச்சியில் 1896இல் திறந்த கன்னிமாரா, 2010இல் வந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். அடுத்து மாவட்ட மைய நூலகங்கள். அதற்குக் கீழே கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், கடைசியில் பகுதிநேர நூலகம். எங்களைப் போன்ற ஊருக்கு முதலில் கிடைக்கக்கூடியது இந்தக் கடைசிப் படிதான். தினமும் சில மணி நேரம் திறந்திருக்கும். பார்த்துக்கொள்கிறவருக்கு மிகச் சொற்பமான கூலி. உறுப்பினர் கூடி வாசகர் வருகை பெருகினால் பின்னால் ஊர்ப்புற நூலகமாகத் தரம் உயர்த்தக் கேட்கலாம். கேட்டதும் கிடைத்துவிடும் என்று நம்பி யாரும் இறங்க வேண்டாம். பகுதிநேரமாகவே காலம் தள்ளுகிற நூலகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

துறையும் நம்மிடம் சிலதைக் கேட்கிறது. ஆனால் கேட்பது அநியாயமாக இல்லை. இடம் வாடகையில்லாமல் தரவேண்டும். ஊரில் உறுப்பினர்களைச் சேர்த்துக் காட்டவேண்டும். நூலகத்துக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் கொடுக்கிற புரவலர் சிலர் வேண்டும். துறையே சொந்தக் கட்டடம் கட்டவேண்டுமென்றால் மனையைத் துறை பெயருக்கு எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும். எங்கள் ஊரில் மனை என்றாலே பங்காளிச் சண்டை, ஆகவே அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டோம்.

இனி கிடைப்பது என்ன என்று பார்க்க, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு ஊர்ப்புற நூலகத்துக்கு இரண்டு நாள் போய் உட்கார்ந்தேன். போன அன்று புதுப் புத்தகம் வந்திருந்தது. சணல் கயிறு கட்டின நாலு பார்சல். நூலகர் அம்மா கயிற்றை அறுக்காமல் முடிச்சவிழ்த்துச் சுருட்டி மேஜைக்குள் வைத்தார். “எதுக்காவது ஆகும் சார்.” ஒவ்வொரு புத்தகத்திலும் வரிசை எண் இருக்கிறதா, ஆணைக்குழு முத்திரை விழுந்திருக்கிறதா என்று பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். முதல் பக்கம் கிழிந்தாலும் அடையாளம் தெரியவேண்டும் என்று உள்ளே இன்னொரு பக்கத்திலும் முத்திரை. ஒரு பார்சலில் சிறுவர் கதை, ஆயுர்வேதம், இரண்டு நல்ல நாவல், ஒரு சட்டக் கையேடு. இன்னொன்றில் பாதிக்குமேல் கவிதைத் தொகுப்பு. “கவிதை யாராவது எடுப்பாங்களாம்மா?” என்று கேட்டேன். சிரித்தார். “எழுதுனவங்க வந்து இருக்கான்னு பாத்துட்டுப் போவாங்க சார்.”

இதுதான் நூலக ஆணை என்கிற ஏற்பாட்டின் இரண்டு முகமும். துறை பதிப்பகங்களிடமிருந்து மொத்தமாக வாங்குகிறது. தமிழ்ப் பதிப்புலகத்தில் பாதி அதை நம்பித்தான் மூச்சு விடுகிறது. ஊருக்குப் புத்தகம் காசில்லாமல் வந்து இறங்குகிறது. ஆனால் எது வரும் என்பதில் ஊருக்குப் பெரிதாக வாய் கிடையாது. சில வருஷம் அடுக்கடுக்காக வரும், சில வருஷம் கொள்முதலே தள்ளிப்போகும். சமீபத்தில் கொள்முதலை இணையவழிக்கு மாற்றி விதிகளை வெளிப்படையாக்கியிருக்கிறார்கள். புத்தகத் தேர்வில் அதன் பலன் எங்கள் பக்கத்து அலமாரிக்கு வந்து சேர இன்னும் நாள் ஆகும்.

அந்த அம்மா ஒரு பெரிய பேரேட்டைக் காட்டினார். இருப்புப் பதிவேடு. வருகிற ஒவ்வொரு புத்தகமும் அதில் ஏறும். ஏறிவிட்டால் அரசுச் சொத்து. கணக்கெடுப்பு வரும்போது இல்லாத புத்தகத்துக்கு அவர் பதில் சொல்லவேண்டும். ஆகவே அட்டை இல்லாத பையனுக்கு வெளியே கொடுக்க அவர் தயங்குவது கஞ்சத்தனம் இல்லை. எங்கள் தபால்காரர் யார் கேட்டாலும் நோட்டில் பேர் எழுதிக்கொண்டு கொடுத்தார். பதினோரு வருஷத்தில் 300 புத்தகம் போயிருக்கும். போனதில் பாதி நல்ல வீடுகளுக்குத்தான் போனது என்பார். இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் இதுதான். சட்டத்தைப் படித்தால் இது தெரியாது.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன். காலை பத்து மணிக்கு ஹாலில் இருந்த ஒன்பது பேரில் ஏழு பேர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். அதில் நாலு பெண்கள். வீட்டில் படிக்க இடமில்லை, பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் படிக்க விடமாட்டார்கள், ‘கவர்மெண்டு லைப்ரரி’ என்றால் அப்பா அனுப்புகிறார். படிப்பகம் என்ற பெயருக்கு எங்கள் ஊரில் அந்த நம்பிக்கை இல்லை. அங்கே ஆம்பளைகள் பேப்பர் படிப்பார்கள், அரசியல் பேசுவார்கள் என்றுதான் வீடுகளில் நினைப்பு. நினைப்பு தப்பும் இல்லை. அரசுப் பலகை ஒன்று வாசலில் தொங்கினால் யார் உள்ளே வரமுடியும் என்பதே மாறுகிறது. துறைக்கு நான் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான்.

ஊராட்சியிடம் கொடுத்தால்

இதை நீட்ட வேண்டியதில்லை. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் ஐந்து வருஷத்துக்குள் நூலகம் என்று கட்டினார்கள். ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் ஒதுக்கி, நூலகத்தோடு குளம், சுடுகாடு, விளையாட்டுத் திடல் எல்லாம் சேர்ந்த திட்டம். கட்டடம் அழகாக வந்தது, புத்தகமும் வந்தது. திறந்து வைத்துக்கொள்கிற ஆளுக்கு மட்டும் மாதம் சில நூறு ரூபாய் ஊக்கத்தொகை. பிறகு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நான் எட்டிப் பார்த்த ஒரு ஊராட்சியில் நூலக அறைக்குள் நூறுநாள் வேலை மண்வெட்டிகளும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் இருந்தன. மூட்டைக்குப் பின்னால் அலமாரி. அலமாரிக்குள் புத்தகம் புதுசு கலையாமல், விரித்தால் ஒட்டிக்கொண்டிருக்கிற பக்கத்தோடு. கரையான்கூட மருந்து நெடிக்குப் பயந்து வரவில்லை போலிருக்கிறது.

நன்றாக நடக்கிற ஊராட்சி நூலகமும் இருக்கிறது. அங்கெல்லாம் தலைவர் படிக்கிறவராக இருக்கிறார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் வருகிற பதவியை நம்பி 1,800 புத்தகத்தை ஒப்படைக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

ஆனால் ஊராட்சி என்றாலே உருப்படாது என்று எழுதிவிட்டால் அது பொய். கர்நாடகம் 2019இல், கிராம ஊராட்சி அளவிலான 5,600க்கும் மேற்பட்ட நூலகங்களை நூலகத் துறையிடமிருந்து பிரித்து ஊரக வளர்ச்சித் துறையிடம் கொடுத்தது. அடுத்த வருஷம், கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இலவச உறுப்பினர் அட்டை என்று ‘ஓதுவ பெளகு’ (வாசிப்பின் ஒளி) இயக்கத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பெங்களூரிலிருந்து ஆள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததும், நூலகர் என்று பெயர் சொல்ல ஒருத்தர் இருந்ததும் காரணம் என்று நினைக்கிறேன். இங்கே கட்டடத்தைக் கொடுத்தார்கள், கேட்பாரைக் கொடுக்கவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம்

கேரளத்துக் கதை தலைகீழ். அங்கே அரசு நூலகம் கட்டி ஊருக்குக் கொடுக்கவில்லை. ஊரார் முதலில் நூலகம் வைத்தார்கள். நீலம்பேரூர்க்காரரான பி.என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர் ஊர் ஊராகப் போய் அவற்றை ஒன்றுசேர்த்தார். 1945 செப்டம்பரில் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் ஆட்கள் கூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம், அதாவது நூலகச் சங்கம், பிறந்தது. அது கேரளம் முழுக்கப் பரவி, 1975இல் எழுத்தறிவுப் பணிக்கான யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா பரிசும் வாங்கியது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநில நூலக கவுன்சில் வந்தது. பணிக்கர் இறந்த ஜூன் 19ஐத்தான் அங்கே வாசிப்பு நாள் என்று கொண்டாடுகிறார்கள்.

கவுன்சில் நூலகத்தை வாங்கிக்கொள்வதில்லை, இணைத்துக்கொள்கிறது. கட்டடம் ஊருடையது, புத்தகம் ஊருடையது, நிர்வாகக் குழுவை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கு வந்து, எத்தனை புத்தகம் வெளியே போனது, எத்தனை கூட்டம் நடந்தது, கணக்கு சரியா என்று பார்த்துத் தரம் போடுவார்கள். ஏ பிளஸ்ஸில் தொடங்கி எஃப் வரை இறங்கும். தரத்துக்குத் தக்க மானியம். அந்த மானியத்தில் புத்தகத்தை அவர்களே போய்த் தேர்ந்தெடுத்து வாங்கிக்கொள்வார்கள். தாலுகா கவுன்சில், மாவட்ட கவுன்சில், மாநில கவுன்சில் என்று மூன்று அடுக்கு, மூன்றுக்கும் நூலகங்களின் பிரதிநிதிகள் தேர்தலில் வருகிறார்கள்.

இடுக்கிப் பக்கம் நான் போன நூலகம் எங்கள் படிப்பகத்தைவிடப் பெரிசு இல்லை. ஆனால் சுவரில் ஒரு பலகை: பாலவேதி, வனிதாவேதி, யுவஜனவேதி, வயோஜனவேதி என்று பிள்ளைகள், பெண்கள், இளைஞர், முதியோருக்குத் தனித்தனிக் குழு, ஒவ்வொன்றுக்கும் செயலர் பெயர். சனிக்கிழமை சாயங்காலம். நூலகராக இருக்கிற பெண் தோள்பையில் பத்துப் பன்னிரண்டு புத்தகத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வெளியே வரமுடியாத பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். முந்தைய புத்தகத்தைத் திரும்ப வாங்கும்போது வாசலில் நின்று இரண்டு வார்த்தை கதையைப் பற்றியும் பேச்சு நடக்கிறது. தமிழ்நாட்டிலும் நூலக நண்பர்கள் திட்டம் என்று தன்னார்வலர்களை வைத்து இதேபோல் வீடு தேடிப் புத்தகம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே அது பழக்கமாகிவிட்டது, இங்கே இன்னும் திட்டமாக இருக்கிறது.

மயங்கிப்போய்த்தான் திரும்பினேன். பஸ்ஸில் இறங்கும்போதே மறுபக்கமும் நினைவுக்கு வந்தது. அந்த நூலகருக்குக் கிடைப்பதும் சம்பளம் இல்லை, அலவன்ஸ்தான். நூலகத் தேர்தலில் கட்சி புகுந்து விளையாடுவதை அந்த ஊர்க்காரர்களே சிரித்துக்கொண்டு சொன்னார்கள். முக்கியமாக, ஊருக்குள் சுறுசுறுப்பான பத்துப் பேர் இருந்தால்தான் தரம் ஏறும், தரம் ஏறினால்தான் காசு வரும். அப்படிப் பத்துப் பேர் இல்லாத ஊருக்குத்தான் நூலகம் ரொம்பத் தேவை. அந்த ஊருக்கு அந்த முறையில் கிடைப்பது எஃப்.

ரங்கநாதன் வழி ஊர் கேட்காவிட்டாலும் கொடுக்கிறது, பணிக்கர் வழி கேட்கிற ஊருக்குக் கை கொடுக்கிறது. இரண்டில் எது உசத்தி என்று எங்கள் கமிட்டியில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. அது எங்கள் கையில் இல்லை என்பது விடியும்போதுதான் ஞாபகம் வந்தது.

நாமே நடத்தினால்

1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். புதுக்கோட்டை ஞானாலயா ஒரு தம்பதி வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேலான நூல்களோடு ஆய்வாளர்களுக்குச் சோறு போடுகிறது. தனியார் முயற்சி தமிழருக்குப் புதுசு இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு ஆளோ ஒரு குடும்பமோ தோள் கொடுத்து நிற்கிறது. எங்களுக்கும் அப்படி ஒருத்தர் இருந்தார், அவர்தான் திருப்பூர் போகிறார்.

ஆகவே கணக்குப் போட்டோம். இரண்டு வேளையும் திறக்கிற ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய், அதற்குக் குறைந்து யாரும் வரமாட்டார்கள். மூன்று பேப்பருக்கு 700. வார, மாத இதழ்களுக்கு 500. கரண்ட், விளக்குமாறு, பல்பு, இன்னபிற 400. மாதம் 5,600, வருஷத்துக்கு 67,200 ரூபாய். புதுப் புத்தகம் ஒன்றுகூட இதில் சேரவில்லை. வங்கியில் 7 சதவீத வட்டி கிடைப்பதாக வைத்தால் 9,60,000 ரூபாய் நிரந்தர வைப்பு இருந்தால்தான் இது தானாக ஓடும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு இதைவிட அதிகம் வசூலான ஊர்தான் இது. நூலகத்துக்குக் கேட்டுப் பாருங்கள்.

வெளி உதவி இல்லாமல் இல்லை. 1972இல் மத்திய அரசு கொல்கத்தாவில் அமைத்த ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை புத்தகத்துக்கும் அலமாரிக்கும் கட்டட வேலைக்கும் நிதி தருகிறது. பதிவுசெய்த தொண்டு அமைப்புகள் நடத்தும் நூலகங்களும் விண்ணப்பிக்கலாம். மாநில அளவில் பரிந்துரை வாங்கி மேலே போகவேண்டும். பதிவு, தணிக்கை செய்த கணக்கு, நடந்த கூட்டங்களின் தீர்மானப் புத்தகம் எல்லாம் இருந்தால்தான் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்ப்பார்கள். எங்களிடம் இருப்பது கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. அதிலும் நடுவில் யாரோ ரம்மிக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். சரி, பதிந்துகொள்ளலாம், 1975ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் முடிகிற காரியம்தான். ஆனால் இந்த வகை நிதியெல்லாம் பொருளுக்குத்தான் வரும். தினமும் கதவு திறக்கிற ஆளின் சம்பளத்துக்கு வராது. எங்களிடம் குறைவாக இருப்பது அந்த ஆள்தான்.

பணம் இருக்கிற ஊருக்கு, அல்லது சேகரிப்பே தனித்தன்மையானதாக இருக்கிற இடத்துக்கு, இந்த வழியே சரி. உங்களிடம் பழைய சிறுபத்திரிகை, வட்டார வரலாறு, கையெழுத்துப் பிரதி மாதிரி ஏதாவது இருந்தால் அதை ஒரு பகுதிநேர நூலகத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடாதீர்கள். அங்கே அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை, முறையும் இல்லை. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் மாதிரி ஆவணக் காப்பகங்களிடம் பேசுங்கள். நாங்கள் தேடியதில் 1960களின் பஞ்சாயத்துத் தேர்தல் நோட்டீஸ் ஒரு கட்டு கிடைத்தது. அதை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.

நாங்கள் எடுத்த முடிவு

முழுதாகக் கொடுப்பதில்லை. சின்ன அறையையும் ஹாலின் பாதியையும் பகுதிநேர நூலகத்துக்கு வாடகையில்லாமல் தருகிறோம் என்று மாவட்ட நூலக அலுவலருக்கு மனு. கட்டடம் ஊர்ப் பெயரிலேயே இருக்கும். 1,800 புத்தகத்தில் நாவல், பொது அறிவு, தேர்வுப் புத்தகம் என்று 900ஐ நன்கொடையாகக் கொடுத்துவிடலாம், அவை பதிவேட்டில் ஏறட்டும். சிறுவர் புத்தகம் முழுக்க எங்களிடமே இருக்கும். கிழியும், தொலையும், சோற்றுக்கை படும். அதற்குப் பதில் சொல்லச் சொல்லி ஒரு தினக்கூலிப் பெண்ணைக் கஷ்டப்படுத்த வேண்டாம். அந்த அலமாரியை ஞாயிற்றுக்கிழமை நாங்களே திறப்போம். அரசு நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளி, ஆகவே ஞாயிறு இரண்டும் சேர்ந்தே திறந்திருக்கும்.

நிர்வாகத்துக்குக் கேரளத்திலிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு. ஒன்று, சங்கம் பதிந்து தீர்மானப் புத்தகம் ஒழுங்காக எழுதுவது. நாளைக்குத் துறையோடு ஒத்துப்போகாவிட்டால் சொந்தக்காலில் நிற்க அது வேண்டும். இன்னொன்று பெண்கள் குழு. துறை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் தலைவர் பெயர் எழுதின பலகையோடு நின்றுவிடும். எங்கள் வாசகர் வட்டத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று இப்போதே தீர்மானம் போட்டுவிட்டோம். போட்டபிறகுதான் அவர்களைக் கேட்டோம். “மொதல்ல அங்க ஒரு கக்கூஸ் கட்டுங்கண்ணே, அப்புறம் கூப்பிடுங்க” என்றது ஒரு பிள்ளை. மூன்று மாத விசாரணையில் எங்கள் ஐந்து பேருக்கும் தோன்றாத விஷயம்.

இந்த வழியில் போகிறவர்களுக்குக் கையோடு சில வார்த்தை. மாவட்டங்கள் 38 ஆகிவிட்டன, நூலக ஆணைக்குழுக்கள் எல்லாம் அதே வேகத்தில் பிரியவில்லை. புது மாவட்டமென்றால் உங்கள் கோப்பு எந்த ஊர் அலுவலகத்துக்குப் போகும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மனுவோடு ஊராட்சித் தீர்மானமும் வையுங்கள். வசூலான நூலக வரி உரிய நேரத்தில் கட்டப்பட்டதா என்று அதே கூட்டத்தில் கேட்டு வையுங்கள், வரி உள்ளாட்சியின் கணக்கிலேயே தங்கிவிடுவது தமிழ்நாடு முழுக்க இருக்கிற பழைய வியாதி. புத்தகத்தை நன்கொடையாகக் கொடுக்குமுன் ஒவ்வொன்றையும் எழுதிப் பட்டியல் எடுங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள்.

கமிட்டியில் ஒருவருக்கு இந்த முடிவில் இன்னும் சம்மதமில்லை. பாதி அரசு பாதி ஊர் என்றால் இரண்டு பேரும் கூட்டமாட்டார்கள் என்கிறார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது, கூட்டுகிறவருக்கு மாதம் 500 ரூபாய் சங்கத்திலிருந்து என்று சேர்த்துக்கொண்டோம். மனு போன வாரம் போய்விட்டது. புரவலர் இன்னும் இரண்டு பேர் வேண்டும். தபால்காரர் மூன்று சாவி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார், வெட்டுக்கூலி தொண்ணூறு ரூபாயை நோட்டில் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன், ரம்மிக் கணக்குக்கு அடுத்த பக்கத்தில்.